பழைய தொட்டியில் சிக்லிட்: மீன் விடுவதற்கு முன்

பழைய மீன் தொட்டி வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "லீக் ஆகுமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தொட்டி பராமரிப்பு வேலையாக நான் போகும் வீடுகளில், கசிவால் மீன் செத்ததை அரிதாகத்தான் பார்க்கிறேன். அடிக்கடி பார்ப்பது வேறு. ஃபில்டர் ஓடும், தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருக்கும், சிக்லிட் வகை மீன்கள் மட்டும் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். முந்தையவரிடம் பல வருடம் நன்றாக ஓடிய தொட்டிதானே, மறுநாளே மீன் விட்டால் என்ன என்று விட்டிருப்பார்கள். கண்ணாடிதான் பழையது. அதற்குள் நடக்க வேண்டியது எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, கசிவை முதலில் முடித்துவிடுவோம். மூலைகளில் உள்ள சிலிக்கானை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். ஓரம் உரிந்து வந்தாலோ, இரண்டு கண்ணாடிகள் ஒட்டியிருக்கும் இடத்தில் குமிழிகள் தொடர்ச்சியாகத் தெரிந்தாலோ உஷாராகுங்கள். விளிம்பில் உடைசல் இருக்கும் தொட்டியையும், மேலே குறுக்குக் கண்ணாடி பெயர்ந்துபோன தொட்டியையும் நான் வாங்கச் சொல்வதில்லை. மற்றதை வெளியே சமதளத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, இரண்டு நாள் அப்படியே விட்டுவையுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்திருந்தால் சின்னக் கசிவும் தெரிந்துவிடும். கசிகிற இடத்தில் மட்டும் புது சிலிக்கான் பூசுவது வீண் வேலை. காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. உள்பக்கப் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டும், அதுவும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானாகப் பார்த்து.

எடையைப் பலரும் குறைத்தே கணக்குப் போடுகிறார்கள். 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் 243 லிட்டர். தண்ணீர் மட்டுமே 243 கிலோ. சிக்லிட் தொட்டிக்குக் கற்களும் நிறைய வேண்டும்; எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டில் இருக்கும் மேஜை இதற்கு ஆகாது.

சுத்தம் செய்யும்போது சோப்பு வேண்டாம். கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக்கு வினிகர் போதும். கிருமிக்கு நீர்த்த ப்ளீச் பயன்படுத்துவதாக இருந்தால், வினிகரைச் சுத்தமாகக் கழுவிவிட்ட பிறகுதான். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் வைத்து இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ப்ளீச் போட்ட பிறகு பல முறை அலசி, குளோரினை நீக்கும் மருந்து கலந்த தண்ணீரில் கடைசியாக ஒரு முறை அலசிக் காயவிடுங்கள். கூடவே வரும் பழைய சரளையைத் தூக்கிப்போடுவதே நல்லது.

கைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. மீன்களைத் தாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா, கையில் வெட்டுக்காயமோ கீறலோ இருந்தால் மனிதருக்கும் தொற்றும். விரலில், முழங்கையில் ஆறாத கட்டிகளாக வரும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். முந்தைய தொட்டியில் மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, புண்ணோடு ஒவ்வொன்றாகச் செத்தனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ப்ளீச்சை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வகை பாக்டீரியா அதற்கு எளிதில் சாகாது. காய்ந்த கண்ணாடியை 70 சதவீத ஆல்கஹாலால் திறந்தவெளியில் துடைக்கலாம். வேலை செய்யும்போது கையுறை போடுங்கள். பிறகு கையில் ஆறாத புண் வந்தால், மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்களுக்கு அது சட்டென்று தோன்றாது.

இனி அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை ஃபில்டரில் போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம். இது எல்லா மீன் தொட்டிக்கும் பொது. சிக்லிட் வளர்ப்பவர்கள் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு இதில் செய்யும் வேலை. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்வரை தீங்கு குறைவு. அயனியாகாத அம்மோனியாதான் செவுளைப் பாதிப்பது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்துக்கு மேல். 8.5 ஆனால் ஏறக்குறைய 15. மலாவி, தாங்கன்யிக்கா என்ற ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட்களுக்காக நாம் பிஎச்சை 8க்கு மேலேதான் வைக்கிறோம். ஆக, டெஸ்ட் கிட்டில் அதே நிறம் காட்டினாலும், மற்ற மீன்கள் ஒரு வாரம் தாங்கும் அளவு இங்கே ஒரே ராத்திரியில் கொன்றுவிடலாம். பழைய தொட்டியின் மீன்களை அதே தண்ணீரோடு கொண்டுவந்து, புதுத் தண்ணீரை மடமடவென்று ஊற்றும்போது சாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தப் பழைய தண்ணீரில் பிஎச் இறங்கிப்போய், அம்மோனியம் சாதுவாகச் சேர்ந்து கிடந்திருக்கும். பிஎச் ஏறியதும் அது நச்சாக மாறிவிடும்.

மீன் விடாமலேயே இந்த பாக்டீரியாவை வளர்க்கும் சுழற்சியைத் தொடங்குங்கள். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குச் சேருங்கள். அது 24 மணி நேரத்தில் தீர்ந்து, நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: கடின நீரில் இந்த பாக்டீரியா சுறுசுறுப்பாக வளரும். டிஸ்கஸ், ராம் போன்ற சிக்லிட்களுக்காக மென்மையான அமில நீர் வைப்பவர்கள்தான் அதிகம் காத்திருக்க வேண்டும். விற்பவர் ஃபில்டரைக் கடைசி நிமிடம் வரை ஓடவிட்டிருந்தால் அது பெரிய சொத்து. உள்ளே இருக்கும் பஞ்சையும் செராமிக் வளையங்களையும் அதே தொட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து, காற்றுப் புகும் பாத்திரத்தில் கொண்டுவந்து சில மணி நேரத்துக்குள் ஓடவிடுங்கள். நோய் வந்த தொட்டியாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. காய்ந்துபோன ஃபில்டருக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரினோடு அலசியதற்கும் மதிப்பில்லை.

அப்புறம், என்ன மீன் என்பது. பெரும்பாலானவர்கள் மீனை முடிவு செய்துவிட்டு அதற்குத் தொட்டி தேடுவதில்லை. கிடைத்த தொட்டியில் பிடித்த மீனைத் திணிக்கிறார்கள். கடையில் விரல் நீளம் இருக்கும் ஆஸ்கார் 30 செ.மீ. வரை வளரும். மேலே சொன்ன 243 லிட்டர் தொட்டி ஒற்றை ஆஸ்காருக்கே நெருக்கடி. அதே தொட்டியில் ம்பூனா எனப்படும் மலாவி ஏரிப் பாறை சிக்லிட்களில் இரண்டு, மூன்று இனங்களைக் கூட்டமாக வைத்தால் அழகாக இருக்கும். ஒரு ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கில், ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகாத இனங்களாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிற ஆண்கள் அடித்துக்கொள்ளும். நெருங்கிய இனங்கள் கலந்து கலப்பினக் குஞ்சுகளும் வரும். ம்பூனாக்கள் பாறைப் பாசி மேய்பவை, இறைச்சி உணவு அவற்றின் வயிற்றைக் கெடுத்துவிடும். தொட்டி 60 லிட்டர்தானா? மல்டிஃபேசியாட்டஸ் என்ற 4, 5 செ.மீ. மீனுக்குக் கொஞ்சம் மணலும் காலி நத்தை ஓடுகளும் கொடுத்தால் போதும், குடும்பமாகவே வாழும். என்னைக் கேட்டால் சின்னத் தொட்டிக்கு இதைவிட நல்ல சிக்லிட் இல்லை.

கற்களை நேராக அடிக்கண்ணாடியில் நிலையாக வைத்துவிட்டு, அதன் பிறகே மணலைக் கொட்டுங்கள். சிக்லிட்கள் தோண்டும், மணல் மேல் நிற்கும் கல் ஒருநாள் சரியும். பழைய ஹீட்டரை மட்டும் தொட்டியோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் நிற்காமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருந்தால் மின்சாரம் தண்ணீரில் இறங்கும்.

தொட்டியோடு மீன்களையும் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். ஒரு ஆஸ்கார், இரண்டு ஏஞ்சல் மீன், பெயர் தெரியாத ஆப்பிரிக்க சிக்லிட் நான்கு என்று, ஒன்றுக்கு ஏற்ற தண்ணீர் இன்னொன்றுக்கு ஆகாத கூட்டமாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். பிறகு வேண்டாதவற்றை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். ஃப்ளோரிடாவின் கால்வாய்களில் இன்று ஆஸ்கார்கள் இனப்பெருக்கம் செய்து வாழ்கின்றன. அது அவற்றின் சொந்த ஊர் இல்லை. எடுத்துக்கொள்ள வேறு ஆள் இருக்கிறார் என்று உறுதியாகும்வரை மீன்களை விற்பவரிடமே விட்டுவிட்டு, தொட்டியையும் ஈரமான ஃபில்டரையும் மட்டும் தூக்கி வாருங்கள்.