பம்ப்புக்கு எதற்கு லைசென்ஸ்? ஒப்பந்தம் சொல்லும் 'தொழில்நுட்பம்', சட்டம் சொல்லும் 'தொழில்நுட்பம்'

"ஏனுங்க மேடம், நாங்க பம்ப்புதானுங்களே செய்யறோம். இதுக்கெல்லாம் எதுக்குங்க லைசென்ஸ்?"

கேட்டவர் கோவையில் அப்பா தொடங்கிய பட்டறையை இப்போது பார்த்துக்கொள்ளும் இளைஞர். ஏற்றுமதி ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. லைசென்ஸ் பற்றிப் பேச அவர் வரவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில், தாமதமானால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பிரிவை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் வந்தார். நான் எந்த ஒப்பந்தத்தையும் பின்னால் இணைத்திருக்கும் டேட்டா ஷீட்டிலிருந்துதான் தொடங்குவேன். அதில் மூன்று விவரங்கள் கண்ணில் பட்டன. மேக்னெட்டிக் டிரைவ் பம்ப், அதாவது சீலே கிடையாது. திரவம் படும் உள்பக்கம் முழுக்க ஃபுளோரோபாலிமர் (டெஃப்ளான் வகை பிளாஸ்டிக்) லைனிங். ஓட்டம் மணிக்கு 12 கன மீட்டர்.

இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஸ்கோமெட் பட்டியலில் வரும் பொருள். அபராதப் பிரிவை அப்படியே வைத்துவிட்டு அதைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேசினோம்.

ஸ்கோமெட் என்பது இந்தியாவின் கட்டுப்படுத்தப்பட்ட ஏற்றுமதிப் பட்டியல். சிறப்பு ரசாயனங்கள், உயிரிகள், பொருட்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் எல்லாம் அதில் அடங்கும். அணுசக்தி தொடர்பானவை ஒரு பிரிவு, ராணுவத் தளவாடங்கள் ஒரு பிரிவு, மின்னணு, சென்சார், லேசர், விமானவியல் போன்றவை எட்டாம் பிரிவு என்று போகும். பெரும்பாலான பிரிவுகளுக்கு டிஜிஎஃப்டி, அதாவது மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அனுமதி தரும். அணுசக்திப் பொருட்களுக்கு அணுசக்தித் துறை, தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை.

பம்ப் எப்படி இதற்குள் வந்தது? ஈரான்-ஈராக் போரில் ஈராக் ரசாயன ஆயுதம் பயன்படுத்திய பிறகு, 1985-இல் ஆஸ்திரேலியா குழு என்ற நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. ஈராக் அந்த ஆயுதங்களுக்கான மூலப்பொருட்களையும் கருவிகளையும் சாதாரண வியாபார வழியிலேயே வாங்கியிருந்தது. நரம்பு நச்சு தயாரிப்பில் வரும் அமிலங்கள் சாதாரண இரும்பைத் தின்றுவிடும், கசிந்தால் ஆளையும் கொன்றுவிடும். அரிப்பைத் தாங்கும், கசியவே கசியாத பம்ப், வால்வு, கலன் இல்லாமல் அந்தத் தொழிற்சாலை ஓடாது. அதனால்தான் அவையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்தியா 2018 ஜனவரியில் அந்தக் குழுவில் சேர்ந்தது. அதற்கு முன் 2016-இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2017 டிசம்பரில் ஆயுதங்கள், ராணுவத்துக்கும் சாதாரணத் தொழிலுக்கும் பயன்படும் பொருட்கள் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாசனார் ஏற்பாடு.

அந்தப் பட்டியலில் பம்ப்புக்குப் போட்டிருக்கும் அளவு மணிக்கு 0.6 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். வீட்டுக் கிணற்றில் இருக்கும் சின்ன மோட்டாரே இதைவிட அதிகம் இறைக்கும். ஆக, அளவை வைத்துத் தப்பிக்க வழி இல்லை. சீல் எப்படி, திரவம் படும் பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வார்ப்பிரும்பில் செய்த விவசாய பம்ப் இதில் வராது. பக்கத்து ஷெட்டில் அதே ஆட்கள் செய்யும் லைனிங் போட்ட பம்ப் வரும். அதற்கென்றே செய்த கேசிங், லைனர், இம்பெல்லர் ஆகியவற்றைத் தனித்தனியாக ஸ்பேர் பார்ட்ஸாக அனுப்பினாலும் வரும். பலர் எச்.எஸ். கோடு 8413 என்று இன்வாய்ஸில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் கோடு வரி வகைப்பாட்டுக்கானது. அது பொருள் பம்ப்பா என்று பார்க்கும். ஸ்கோமெட் அந்தப் பம்ப்பால் என்ன முடியும் என்று பார்க்கும்.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் தோஷிபா மெஷின் நிறுவனம். 1980-களின் தொடக்கத்தில் அது சோவியத் யூனியனுக்கு நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லர் கடையும் இயந்திரங்களை விற்றது. ஒன்பது அச்சுகளில் இயங்கக்கூடிய இயந்திரத்தை, ஏற்றுமதி அனுமதிப் படிவத்தில் இரண்டு அச்சு இயந்திரம் என்று காட்டினார்கள். 1987-இல் விஷயம் வெடித்தபோது தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவர்களே பதவி விலக வேண்டியதாயிற்று. அது தெரிந்தே சொன்ன பொய். என்னிடம் வருபவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை, எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் படிவத்தில் விழும் தவறு இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சரி, பொருளுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளலாம், இன்னும் அனுப்பவில்லையே என்று அந்த இளைஞர் நிம்மதியானார். அப்போதுதான் நான் கேட்டேன்: "டிராயிங் ஏதாவது அனுப்பியிருக்கீங்களா?"

போன மாதமே மெயிலில் போயிருந்தது. எந்த டிராயிங் என்று பார்த்தோம். வெளி அளவுகள், ஃபிளாஞ்ச், அடித்தளப் போல்ட்டுகளின் இடைவெளி காட்டும் பொது அமைப்பு டிராயிங் ஒன்று. அது பரவாயில்லை என்று நினைத்தேன். வாடிக்கையாளருக்குப் பம்ப்பை உட்கார வைக்க அது வேண்டும். அடுத்த ஃபைலைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. லைனரின் குறுக்குவெட்டு, ஒவ்வொரு இடத்திலும் அதன் தடிமன், டாலரன்ஸ், ஓரத்தில் குறிப்பாக மோல்டிங் வெப்பநிலை. அதை வைத்துக்கொண்டு வேறொரு பட்டறையில் அந்த லைனரைச் செய்யலாம். பம்ப் இன்னும் பேக்கிங்குக்கே வரவில்லை, அதற்குள் பம்ப்பைவிடப் பெரிய விஷயம் கடல் தாண்டிவிட்டது.

ஒப்பந்தத்தில் 'தொழில்நுட்பத் தகவல்' என்பதற்கு வரையறை இருந்தது. 'ரகசியம் என்று முத்திரையிட்டு விற்பவர் கொடுக்கும் ஆவணங்கள்' என்று எழுதியிருந்தார்கள். அந்த டிராயிங்கில் முத்திரை இல்லை. எனவே அது தொழில்நுட்பத் தகவலே இல்லை என்று இரு தரப்பும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கம்பெனிகளுக்கு இடையே வழக்கு வந்தால் அந்த வரையறை உதவும். அரசாங்கத்தின் முன்னால் அது செல்லாது.

1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தை 2010-இல் திருத்தியபோது தொழில்நுட்பம் என்ற சொல்லுக்கும் அதில் வரையறை வந்தது. பொதுவெளியில் இருப்பதைத் தவிர, பொருள் அல்லது மென்பொருளின் உருவாக்கத்துக்கோ உற்பத்திக்கோ பயன்பாட்டுக்கோ உதவக்கூடிய எந்தத் தகவலும் தொழில்நுட்பம்தான் என்பது அதன் சாரம். மென்பொருளுக்குள் பொதிந்திருக்கும் தகவலும் சேரும், சேவைகளும் சேரும். வாசனார் பட்டியலின் வரையறை இதைவிடக் குறுகலானது. அது 'அவசியமான குறிப்பிட்ட தகவல்' என்கிறது. நம் சட்டம் 'பயன்படக்கூடிய எந்தத் தகவலும்' என்கிறது. வெளிநாட்டு மாதிரியிலிருந்து வரையறையை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. அதைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் அடித்துச் சொல்கிறேன்.

பட்டியலைப் படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில சொற்கள் மேற்கோள் குறிக்குள் இருக்கும். அது அழுத்தத்துக்காகப் போட்டது இல்லை. அந்தச் சொல்லுக்குத் தனி வரையறை வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வாசனார் வழியாக எட்டாம் பிரிவுக்கு வந்த 'தேவையான' என்ற சொல் அப்படிப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்ட செயல்திறன் அளவை எட்டவோ தாண்டவோ குறிப்பாகக் காரணமாக இருக்கும் தகவல் மட்டுமே அதில் வரும், மற்ற சாதாரண விவரங்கள் வராது. இந்தச் சலுகை எல்லாப் பிரிவுகளிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

'பொதுவெளி' என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பரப்புவதற்குத் தடையில்லாத தகவல் என்பதே அதன் பொருள். காப்புரிமை இருப்பதால் மட்டும் ஒரு தகவல் பொதுவெளியிலிருந்து விலகிவிடாது. வெளியிடப்பட்ட பேட்டன்ட் ஆவணம் பொதுவெளி. "இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்சதுதாங்க" என்று ஃபோர்மேன் சொல்லும் மோல்டிங் பக்குவம், எங்கும் வெளியாகாதவரை, பொதுவெளி ஆகாது.

தகவல் எல்லை தாண்டவே வேண்டாம் என்ற நிலையும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், விமானப்படை ஒப்பந்தத்தின் கீழ் ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா கருவிகளில் ஆராய்ச்சி செய்தார். தன் ஆய்வகத்திலேயே சீன, ஈரானிய மாணவர்களுக்கு அந்தத் தரவுகளைத் திறந்துவிட்டது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2008-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2009-இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இங்கே வாடிக்கையாளரின் இன்ஜினியர்களை வரவழைத்து ஷாப் ஃப்ளோரில் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன். நம் சட்டத்தில் சேவையும் தொழில்நுட்பத்துக்குள் வருவதால், பயிற்சித் திட்டத்தையும் அனுப்பும் முன் என்னிடம் காட்டச் சொல்கிறேன்.

அந்த ஒப்பந்தத்தை எப்படித் திருத்தினோம் என்றால், முதலில் வரையறையில் முத்திரையை எடுத்தோம். 'அவ்வப்போது திருத்தப்படும் ஸ்கோமெட் பட்டியலிலும் சட்டத்திலும் கண்டவாறு, எந்த வடிவில், எந்த வழியில் தரப்பட்டாலும்' என்று எழுதினோம். பட்டியல் அடிக்கடி மாறும், அதனால் 'அவ்வப்போது திருத்தப்படும்' என்ற சொற்கள் மிக முக்கியம். வாடிக்கையாளரின் வரைவில் அமெரிக்க விதிகள் மட்டுமே இருந்தன, இந்தியச் சட்டத்தின் பெயரே இல்லை. அதைச் சேர்த்தோம். டெலிவரிக் காலம் ஆர்டர் தேதியிலிருந்து ஓடியது. அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும்படி மாற்றினோம். அனுமதி மறுக்கப்பட்டால் அபராதம் இல்லாமல் ஒப்பந்தம் முடியும் என்று ஒரு வரி. இறுதிப் பயனாளர் யார், எதற்கு, வேறு நாட்டுக்குத் திருப்பி விற்க மாட்டார் என்பதை எழுத்தில் வாங்கினோம். இதற்கு வாடிக்கையாளர் மறுத்திருந்தால் அந்த ஆர்டரை விட்டுவிடச் சொல்லியிருப்பேன். பொருள் பட்டியலில் இல்லாவிட்டாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தாலே அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. அதனால் பயன்பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்வது எந்த ஆர்டருக்கும் நல்லது.

போன டிராயிங்கைத் திரும்ப வாங்க முடியாது. நடந்ததை ஒளிக்காமல் தேதி, ஃபைல் பெயர், அனுப்பிய முகவரி எல்லாம் போட்டு நாமே டிஜிஎஃப்டிக்கு எழுதினோம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவருடைய அப்பா ஒரு நாள் அவகாசம் கேட்டார். நாற்பது வருடத் தொழில், பயம் நியாயமானது. மறுநாள் காலை போட்டுக் கொடுத்தார். இப்போது அந்தப் பட்டறையில் டிராயிங் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: ஸ்கோமெட் எண், பார்த்தவர் பெயர், தேதி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஃபைலை யாரும் மெயிலில் இணைப்பதில்லை.