வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வேண்டாம்

சென்ற வாரமும் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். முகநூலில் நினைவேந்தல் படமொன்றைப் பகிர்ந்ததற்காக அவருடைய மகன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு விடுவார்கள் என்று நம்பி, தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாள்களில் அந்தப் பிள்ளை கையொப்பமிட்டிருக்கிறான்.

பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாதுதானே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சாதாரண குற்ற வழக்கில் அது செல்லாது. ஆனால் 1979இல் மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிவுசெய்த ஒப்புதல் சான்றாக ஏற்கப்படும்; அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே விழும். அடித்தார்கள் என்பதைக் காயம் ஆறிய பின்பு, சாட்சியின்றி, அவர் எப்படிக் காட்டுவார்? ஒரு கையொப்பத்தை உடைக்க ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறேன்.

தப்பாக எழுதாதவனுக்கு என்ன பயம் என்பவர்களுக்கு மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை நினைவூட்டுகிறேன். வன்முறையைக் கண்டித்தும் எழுதிய அவருடைய தமிழ்க் கவிதைகள் தீவிரவாதம் என்று வாசிக்கப்பட்டன. 2020 மே மாதம் கைதானவருக்கு 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆகவே, விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் வாக்குமூலம் கொடுப்பதாகச் சொல்லுங்கள். கொண்டுசென்றவர் யார், எந்த நிலையத்துக்கு, எத்தனை மணிக்கு என்பதை வீட்டார் அன்றே எழுதிவையுங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

சத்தம் போட்டால் பிள்ளைக்குத்தான் கூடாது என்று அயலவர் சொன்னதைக் கேட்டு, அந்தத் தாய் அரசியல்வாதிகளின் வாசல்களில் காத்திருந்திருக்கிறார். அம்மாமாரே, தயவுசெய்து முதல் நாளே ஒரு சட்டத்தரணியிடம் வாருங்கள். கையில் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்காவது போங்கள்.