கால்மிதிக்கும் வரம்பு கட்டவேண்டும்

முல்லைத்தீவுப் பக்கம் போனால் இறால் வாங்காமல் திரும்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்படி ஒருநாள் இரண்டு கிலோ இறாலை ஐஸோடு பையில் போட்டு, பின்சீற்றின் காலடியில் வைத்துக்கொண்டு பரந்தன் வீதியால் வந்துகொண்டிருந்தேன். விசுவமடுவுக்குக் கிட்ட, வழக்கம்போல நடுவீதியில் மாடுகள். பிறேக்கை மிதித்தேன். மாடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பை சரிந்தது. உருகிய ஐஸ்தண்ணீர் முழுவதும் காலடியில்.

நான் பெரிதாகப் பதறவில்லை. காலடியில் கிடந்தது சும்மா ஒரு துண்டு றப்பர் அல்ல. சுற்றிவர இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு விளிம்பு வைத்த, தட்டுப் போன்ற கால்மிதி. ‘ஒரு சொட்டும் கீழே போகாது’ என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். பிறகு அளந்தும் பார்த்தேன். நீளம் 50 சென்ரிமீற்றர், அகலம் 60, விளிம்பு 2. பெருக்கினால் 6 லீற்றர். பைக்குள் இருந்தது இரண்டு லீற்றருக்கும் குறைவு. ஆனாலும் காப்பெட் நனைந்துவிட்டது. குளம் நிரம்பி வழிந்தால் ‘வான் பாயுது’ என்போம். என் காரில் குளம் காற்பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் நிரம்பியது, அதற்குள்ளேயே வான் பாய்ந்துவிட்டது.

நனைந்தது காப்பெட் மட்டும் என்றால் வெயிலில் விட்டிருப்பேன். காப்பெட்டுக்கு அடியில் சத்தத்தை அமுக்குவதற்காகத் தடித்த பஞ்சோ ஸ்பொஞ்சோ இருக்கும். அது ஒருமுறை தண்ணீர் குடித்தால் லேசில் விடாது. அதற்குக் கீழே இரும்புத் தகடு. ஓரமாக வயர்க்கட்டு ஓடும். முன்சீற்றுக்கு அடியில் காற்றுப்பை வயர்களின் இணைப்புகள் இருக்கலாம். சில ஹைபிரிட் கார்களில் பின்சீற்றுக்கு அடியிலேயே பெரிய பற்றரி. உப்புத்தண்ணீருக்கு இவை எதுவுமே ஆகாது. வாடை வேறு. கடல் உயிர்களின் உடலில் இருக்கும் ஒரு பொருளைப் பக்ரீரியாக்கள் உடைக்கும்போது ட்ரைமெதிலமீன் என்ற வாயு வரும். மீன் நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதுதான். அது காரத்தன்மை உள்ளது. தேசிக்காய்ப் புளி அதை ஆவியாகாத உப்பாக மாற்றிப் பிடித்துவைக்கும், அதனால்தான் மீன் வெட்டிய கைக்குத் தேசிக்காய் தேய்க்கிறோம். ஆனால் பஞ்சுக்கு அடியில் இருப்பதைத் தேய்க்க எந்தக் கை போகும்?

சரி, ஆறு லீற்றர் எங்கே போனது?

கார் நிற்கும்போது அந்தக் கணக்குச் சரி. ஓடும்போது பிழைக்கிறது. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் நாலரை விநாடியில் நின்றால், உள்ளே இருக்கும் தண்ணீருக்கு அது புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு விசையோடு முன்னால் தள்ளுவதுபோல இருக்கும். தண்ணீருக்கு இரண்டு விசையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தரை முன்பக்கமாக ஏறக்குறைய 17 பாகை சரிந்துவிட்டது என்றே அது நடந்துகொள்ளும். ஒரு மீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் சரிவு. வன்னியில் அப்படி ஒரு ஏற்றத்தைத் தேடிப்பிடிக்கவேண்டும், ஆனால் பிறேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் காருக்குள் அந்த மலை முளைக்கிறது.

கால்மிதியில் ஒரு லீற்றர் தண்ணீர் கிடக்கிறது என்று வைப்போம். கார் நிற்கும்போது அதன் ஆழம் 3 மில்லிமீற்றர்தான். அந்தச் சரிவில் அவ்வளவும் முன்விளிம்பில் போய்க் குவியும். அங்கே ஆழம் 3 சென்ரிமீற்றரைத் தாண்டும். பத்து மடங்கு. இரண்டு சென்ரிமீற்றர் விளிம்பு என்ன செய்யும்? சரிவு இருக்கும்வரை அந்தத் தட்டில் தங்கக்கூடியது சுமார் 400 மில்லிலீற்றர் மட்டும். அலை ஏறுவதையும் சேர்த்தால் அதுவும் இல்லை. பின்காலடியின் முன்விளிம்பைத் தாண்டினால் அடுத்த இடம் முன்சீற்றின் அடிப்பக்கம், அதாவது வயர்கள் இருக்கும் இடம்.

விளிம்பை உயர்த்தினால் என்ன என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் உயர்த்தலாம். கதவுப்பக்கம் உயர்த்தினால் ஏறி இறங்குபவரின் கால் தட்டும், மிதித்து மிதித்து நாளடைவில் வளைந்துபோகும். சீற்றுப்பக்கம் உயர்த்தினால் சீற்று நகராது.

இதற்கு விடை தெரிய வன்னியில் யாரும் பொறியியல் படிக்கவேண்டியதில்லை. சரிவான காணியை ஒரே வயலாக விட்டால் தண்ணீர் முழுவதும் பள்ளத்துப் பக்கம் போய்விடும். ஒரு பக்கம் பயிர் அழுகும், மறுபக்கம் காயும். அதனால் வரம்பு கட்டுகிறோம். சரிவு கூடக்கூட வயல் சிறுக்கும். நல்ல கால்மிதியின் மேல் காணப்படும் கட்டங்களும் தேன்கூட்டுக் குழிகளும் அந்த வரம்புகள்தான். அழகுக்குப் போட்டவை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அதே 50க்கு 60 மிதி, அதே சரிவு. இப்போது உள்ளே 1 சென்ரிமீற்றர் உயர வரம்புகள், அதாவது முன்பிருந்த விளிம்பில் பாதி உயரம். 10 சென்ரிமீற்றர் கட்டங்களாகப் பிரித்தால் அரை லீற்றர் தங்கும். 5 சென்ரிமீற்றர் கட்டம் என்றால் ஒரு லீற்றர். இரண்டரைச் சென்ரிமீற்றர் என்றால் ஒன்றே முக்கால் லீற்றருக்கும் மேல். வரம்புகள் தாமே பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் ஒன்றரை லீற்றர் மிஞ்சும். உயரத்தைப் பாதியாக்கிக் கொள்ளளவை நான்கு மடங்கு ஆக்குவது கண்கட்டு வித்தை போலத் தெரியும். ஆனால் சரிவில் தண்ணீர் எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பது கட்டத்தின் நீளம். இரண்டரைச் சென்ரிமீற்றர் கட்டத்துக்குள் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையில் நீர்மட்டம் முக்கால் சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட வழியே இல்லை.

அலைக்கும் இதே மருந்து. ஒரு சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரில் அலை விநாடிக்குச் சுமார் 30 சென்ரிமீற்றர் ஓடும். 50 சென்ரிமீற்றர் தட்டில் அது போய்த் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகும். நாம் பிறேக் மிதிப்பதும் விடுவதும் பெரும்பாலும் அதே அளவு நேரத்தில்தான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, ஒவ்வொரு மிதிப்பும் அலையை இன்னும் ஏற்றும். சிறு கட்டத்துக்குள் அலை ஐந்தில் ஒரு விநாடியில் போய்த் திரும்பிவிடும், சுவரோடு உரசி உடனே அடங்கியும் விடும். நம்பாவிட்டால் குசினியில் செய்து பார்க்கலாம். ஒரு தட்டத்தில் அரை லீற்றர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முற்றம்வரை நடவுங்கள். பிறகு ஐஸ் கட்டும் தட்டை நிரப்பிக்கொண்டு நடவுங்கள். இரண்டாவதற்கு நடையைக்கூட மெதுவாக்கத் தேவையில்லை.

கட்டத்துக்குப் பதிலாக நீளமான வாய்க்கால்கள் வெட்டிய மிதிகளும் உண்டு. அவை தண்ணீரைக் காலுக்கு அடியிலிருந்து ஒரு பள்ளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மழைக்காலச் சப்பாத்துத் தண்ணீருக்கு அது நல்லது, கழுவுவதும் சுகம். ஆனால் வாய்க்காலின் நீளத்திசையில் கார் பிறேக் பிடித்தால் வரம்பு இல்லாத வயல்தான். என்னைக் கேட்டால் கட்டம் போட்டதையே வாங்குவேன், சேறு தோண்டும் வேலை கூடினாலும்.

கொட்டுவது எது என்பதும் முக்கியம். தண்ணீர் றப்பர் மேல் மெல்லியதாகப் பரவாது. மேற்பரப்பு இழுவிசை அதைச் சில மில்லிமீற்றர் தடிப்பில் திரட்டி வைத்திருக்கும். பாலுக்கு அந்த இழுவிசை குறைவு, அதனால் மெல்லியதாக ஓடி இடுக்கு முழுவதும் புகும். தயிர் சரிந்த இடத்திலேயே குந்திக்கொள்ளும். ஆனால் குன்றும் குழியுமான வீதியில் தயிர்முட்டி குலுங்கினால் தயிர்த்தண்ணீர் தனியே பிரிந்து அது வேறு கதையாகிவிடும்.

வன்னிக்கு இன்னொரு சிக்கல் மண்ணெண்ணெய். தண்ணீர்ப் பம்புக்கு என்று கான் கொண்டுபோகாத வாகனம் எத்தனை? இயற்கை றப்பர் தண்ணீரைத் தாங்கும், மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் உறிஞ்சி ஊதிப்போகும். பிவிசி மலிவு. ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் எங்கள் வெயிலில் மெல்ல வெளியேறிக் கண்ணாடியில் படலமாகப் படியும்; மிதி விறைத்து வெடிக்கும். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் இழுத்துச் செய்யும் மிதிகளில் மூலைகள்தான் மெலியும். வாங்கும்போது மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள்.

சாரதியின் காலடிக்கு மட்டும் வேறு நியாயம். அங்கே கொள்ளளவை மறந்துவிட்டு, கொளுக்கியில் மாட்டி அசையாமல் கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 2009இல் அமெரிக்காவில், வேறொரு வாகனத்துக்கான மிதியைப் போட்டிருந்த, டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்றில் அக்சிலரேற்றர் அந்தக் கால்மிதிக்குள் சிக்கி, நால்வர் இறந்தார்கள். அதன் பின் டொயோட்டா சுமார் 38 இலட்சம் வாகனங்களுக்குத் திருத்தம் அறிவித்தது. பழைய மிதிக்கு மேல் புதிய மிதியைப் போடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

மிதி தண்ணீரைப் பிடித்துவிட்டது என்று வையுங்கள், அதை எப்படி வெளியே எடுப்பது? இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் மெல்லிய மிதி நடுவில் தொய்ந்து, விளிம்பு மடிந்து, பிடித்ததையெல்லாம் ஒரே இடத்தில் ஊற்றிவிடும். ஒரே திசையில் ஓடும் வரம்புகள் அந்தத் திசையில்தான் விறைப்புத் தரும். தேன்கூட்டுக் குழி எல்லாத் திசையிலும் தரும். எதுவானாலும் முதலில் ஒரு பழைய சாரத்தைப் போட்டு ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மிதியில் கைவைக்கவேண்டும்.

அன்றைக்கு விசுவமடுவில் பாதி போயிருக்கலாம். மீதி பத்திரமாக வீட்டு வாசல்வரை வந்தது. அங்கே நான் கதவைத் திறந்து, மிதியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன்.