சைலன்சர் – ஒலித்தணிப்பி: சொல் விளக்கம்

நகரியில் இருக்கும் என் அக்காள் மகன் விடுமுறைக்குத் திருத்தணி வந்தால் கைப்பேசியும் கையுமாகத்தான் இருப்பான். போன வாரம் ஏதோ ஓர் அமெரிக்கக் காணொளியைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, சைலன்சரைத் துப்பாக்கி நுனியில்தானே மாட்டுவார்கள்? இதில் பாதியைக் காணோமே, கையால் பிடிக்கிற இடத்துக்குள் போய்விட்டதே. இதற்குத் தமிழில் என்ன பெயர்?" பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளர்கிற எல்லையோரப் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் இரண்டு மொழியிலும் பெயர் கேட்பார்கள். அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

சைலன்சர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கியே அல்ல, மோட்டார் சைக்கிள். வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு எனக்கு இருக்கிறது, அவனுக்கும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி இந்தக் கருவியைப் பற்றியதுதான். விரிவறை மூலமாகவோ வேறு வழியிலோ புகைபோக்கியின் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சாதனம் என்று அது விளக்குகிறது. பெயரில் இருப்பது மௌனம், விளக்கத்தில் இருப்பது 'இயன்ற அளவு'. இந்த இடைவெளிதான் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது.

துப்பாக்கிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர். 1909இல் காப்புரிமை பெற்று, 'மாக்சிம் சைலன்சர்' என்றே விற்றார். மோட்டார் வண்டிகளுக்கும் ஓசை குறைக்கும் கருவி செய்தவர். இவருடைய தந்தைதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். ஆண்டுக்கணக்கில் தம் துப்பாக்கிகளின் வெடியோசையைக் கேட்டுக் கேட்டுத் தந்தைக்குக் காது கேளாமல் போயிற்று. அந்த வீட்டிலிருந்து இந்தக் கருவி வந்ததில் வியப்பில்லை. என் மைத்துனர் விசைத்தறிக் கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். எதைச் சொன்னாலும் "ஆ?" என்று ஒரு முறை கேட்ட பிறகுதான் பதில் சொல்வார். அவரைப் பார்த்தவர்களுக்கு மாக்சிம் வீட்டுக் கதை எளிதில் விளங்கும்.

ஆனால் விற்கிறவர் வைத்த பெயர் விற்கிறவரின் பெயர்தான். ரைபிள் வெடிக்கும்போது இரண்டு ஓசைகள் எழுகின்றன. ஒன்று, குண்டின் பின்னால் அழுத்தத்தோடு வரும் வாயு குழல்வாயில் சட்டென்று விரிவதால் வருவது. கருவிக்குள் இருக்கும் தடுப்பறைகள் அந்த வாயுவை அறை அறையாக விரியவிட்டு, ஆறவிட்டு, வேகம் குறைத்து வெளியே அனுப்புகின்றன. இன்னொன்று, ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கிற ஓசை. அதைக் குழல்வாயில் மாட்டிய எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது. 160 டெசிபலைத் தாண்டும் வெடியில் 20 முதல் 35 வரை குறையும், அவ்வளவுதான். மிச்சம் இருப்பதும் பக்கத்துத் தெரு திரும்பிப் பார்க்கிற ஓசையே. திரைப்படத்தில் வில்லன் சுடும்போது வருகிற 'புஸ்' இசைக்கூடத்தில் பிறந்தது.

அதனால்தான் இன்று விவரம் தெரிந்தவர்கள் சப்ரஸர் என்கிறார்கள். லத்தீனில் கீழே அழுத்துவது என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். பிரிட்டனில் மாடரேட்டர், அதாவது மட்டுப்படுத்துவது. எனக்குப் பிடித்த ஆங்கிலப் பெயர் இதுதான். அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் சைலன்சர், மஃப்ளர் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதி, 200 டாலர் வரி போட்டது. மஃப்ளர் என்றால் நமக்கு டிசம்பர் 31 இரவு திருத்தணிப் படித்திருவிழாவுக்கு மலையேறுகிறவர்கள் காதைச் சுற்றிக் கட்டியிருப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: போர்த்தி மூடுவது. அமெரிக்கச் சுடுவோர் தங்களுக்குள் வெறும் 'கேன்' என்றும் சொல்வார்கள். நம் தண்ணீர் கேன்தான்.

நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இவர்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. 'சுடுகலம்' எது என்று வரையறுக்கிற இடத்தில் பெயரே சொல்லாமல், சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்காக அமைந்த துணைக்கருவியையும் அதற்குள் சேர்த்துவிட்டது. அந்தக் குழாய் மட்டும் தனியாகக் கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கிதான். இதை மருமகனுக்கு அழுத்தியே சொன்னேன்.

சட்டமே குறைத்தல் என்று சொல்லும்போது தமிழில் மட்டும் ஏன் 'ஒலி நீக்கி' என்று எழுத வேண்டும்? ஆங்கில விளம்பரத்தின் பொய்யை நாம் மொழிபெயர்த்து வைத்துக்கொள்வதாகும். 'ஒலியடக்கி' பரவாயில்லை, சப்ரஸருக்கு நேர். ஆனால் அடக்கினால் அடங்கிவிட வேண்டும், இது அடங்குவதில்லை. 'ஒலி குறைப்பான்' சரியான சொல், ஆனால் உப்பில்லாத சொல்.

எங்கள் மலையின் பெயரிலேயே ஒரு சொல் இருக்கிறது. போர் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. செருத்தணி என்பதே பழம்பெயர் என்பார்கள். தணிதல் என்றால் இல்லாமல் போவது அல்ல. காய்ச்சல் தணிந்திருக்கிறது என்றால் இன்னும் விடவில்லை, நெற்றியில் சூடு மிச்சம் இருக்கிறது என்று அம்மாக்களுக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கத்தில் 'தனிவி தீரா' என்று மனம் நிறைகிற அளவைச் சொல்வார்களே, அந்தத் தெலுங்குச் சொல்லும் இதன் உறவுதான். ஆகவே ஒலித்தணிப்பி. மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும், ரைபிளுக்கும் பொருந்தும்.

கைபிடிக்கிற இடம்தான் மல்லுக்கு நின்றது. ஹேண்ட்கார்ட் என்பதைக் 'கைக்காப்பு' என்று எழுதினால் வளையல் ஆகிவிடுகிறது. எதிர்வீட்டில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கிறார். மரத்தாலான ஹேண்ட்கார்ட் வைத்த எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ ரைபிளைத் தூக்கியவர். பாசறையில் யாரும் அதை மொழிபெயர்த்ததில்லை என்றார். சுடச்சுடக் குழல் காய்ந்துவிடும், கை வேகாமல் இருக்க அந்த உறை என்பது அவர் விளக்கம். உறை என்று அவர் வாயிலேயே வந்துவிட்டது. கத்திக்கு உறை, தலையணைக்கு உறை, குழலுக்குக் குழலுறை.

காணொளியைப் பார்த்த பெரியவர் முதலில் கேட்டது சூட்டைப் பற்றித்தான். நியாயமான கேள்வி. ஒலித்தணிப்பியை நுனியில் மாட்டினால் துப்பாக்கி ஒரு சாண் நீளும். குழலைக் குட்டையாக்கி, தணிப்பியைக் குழலுறைக்குள் இழுத்துக்கொண்டால் நீளம் மிச்சம். ஆனால் துப்பாக்கியிலேயே அதிகம் கொதிக்கிற உறுப்பு விரல்களுக்குக் கீழே வந்து படுத்துவிடுகிறது. உறையின் உட்புறம் அகலமாக இருக்க வேண்டும், தணிப்பி எங்கும் உரசக் கூடாது. உரசினால் குண்டு விழும் இடமும் மாறும். "சைலன்சர் மேல் காலை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது போல" என்றார் பெரியவர். குழல் பிறக்கும்போதே தணிப்பியோடு பிறந்த துப்பாக்கிகளும் உண்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்து டி லைல் அப்படிப்பட்டது. அதற்கு 'உடன்பிறந்த தணிப்பி' என்று மருமகன் பெயர் வைத்தான். நான் மறுக்கவில்லை. காணொளியில் இருந்தது 'உறையுள் தணிப்பி'.

புதுச் சொல்லைச் சொல்ல அவன் உடனே அப்பாவுக்குப் போன் செய்தான். தறி ஓடிக்கொண்டிருந்தது, இங்கேயே கேட்டது. "ஒலித்தணிப்பி" என்று மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் "ஆ?" என்றே பதில் வந்தது. நான்காம் முறை "சைலன்சர்" என்று கத்தினான். "ஏன், வண்டிக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார் மைத்துனர்.