கை முளைத்தது கரையில் அல்ல

பாம்பன் கரையில் ஏலத்துக்கு வரும் ஒரு பாறை மீனின் பக்கத் துடுப்பை விரித்துப் பாருங்கள். விசிறி போல மெல்லிய கதிர்கள். அவற்றைத் தாங்கும் சிறு எலும்புகள் உடலை ஒட்டியே முடிந்துவிடும். சீலா, நகரை, காரல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம் கைக்கு ஈடான எதுவும் அதில் இல்லை.

நம் கை வந்தது சதைத் துடுப்பு மீன்கள் என்னும் வேறொரு கிளையிலிருந்து. சீலகாந்த்தும் நுரையீரல் மீன்களும் அதில் இன்றும் வாழ்பவை. கனடாவின் மிகுவாஷாவில் புதைபடிவமாகக் கிடைத்த யூஸ்தெனாப்டெரான் என்ற சதைத் துடுப்பு மீன் சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் துடுப்புச் சதைக்குள் தோளோடு பொருந்தும் ஓர் எலும்பு, அதை அடுத்து இரண்டு எலும்புகள். நம் மேற்கையும் முன்கையும் அதே வரிசைதான். ஆனால் விரல் இல்லை, நுனியில் கதிர்களே. அது கரையேறாத மீன்.

அப்புறம் கழுத்து. பாறை மீனின் செவுளுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் தோள் எலும்பு, மண்டையோட்டோடு தொடர்எலும்புகளால் கட்டுண்டிருக்கிறது. தலையை மட்டும் திருப்ப அதனால் முடியாது. 2004-ல் தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழுவினர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கண்டெடுத்த டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. செவுள் மூடியும் இல்லை. துடுப்பில் மணிக்கட்டு போல மடங்கும் மூட்டுகள் இருந்தன. ஆழமில்லாத நீரில் முன்துடுப்புகளை ஊன்றி உடலைத் தூக்க அவை உதவியிருக்கும். செதிலும் துடுப்புக் கதிர்களும் அப்படியே இருந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிரீன்லாந்தின் அகாந்தோஸ்டெகா. சுமார் 36.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இந்த உயிரியின் முன்காலில் எட்டு விரல்கள் இருப்பதை 1990-ல் மைக்கேல் கோட்ஸும் ஜென்னி கிளாக்கும் காட்டினார்கள். கூடவே மீனைப் போன்ற உட்செவுளும் நீந்தும் வாலும்! தரையில் உடல் எடையைத் தாங்கும் மணிக்கட்டு அதற்கு இல்லை. நிலத்தில் நடக்கத்தான் விரல்கள் தோன்றின என்ற பழைய எண்ணத்தை இந்த ஒரு எலும்புக்கூடு ஆட்டம் காணச் செய்தது. விரல்கள் தண்ணீரிலேயே வந்துவிட்டன. ஐந்து என்ற கணக்கு பிறகுதான் நிலைத்தது.

அலையாத்திச் சேற்றில் துள்ளி நடக்கும் மீனை நம் மூதாதை என்று சிலர் நினைப்பதுண்டு. அது பாறை மீனைப் போலவே கதிர்த் துடுப்பு மீன். தன் வழியில் தனியாக நடக்கக் கற்றது.

பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடல் பசு இதற்கு நேர்மாறு. அதன் மூதாதையர் நிலத்தில் நடந்து, பின் கடலுக்குத் திரும்பினார்கள். துடுப்பாகிவிட்ட அதன் முன்னங்காலுக்குள் மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், ஐந்து விரல்கள் என அத்தனையும் இருக்கின்றன.