கொழுக்கட்டைப்புல்

வறண்ட மேய்ச்சல் நிலத்தில் பல ஆண்டுகள் நின்று வளரும் புல். இந்தியாவில் அஞ்சன் என்றும் ராஜஸ்தான் பக்கம் தாமன் என்றும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பஃபெல் கிராஸ். தாவரவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ்; 1771-இல் லின்னேயஸ் இட்டது.

'கெங்க்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் சிறுதானியம். இந்தப் பெயர் பொருத்தமானதுதான். 2010-இல் கம்பின் பேரினத்தையும் செங்க்ரஸோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, கம்பும் இதுவும் இன்று ஒரே பேரினம். 'சிலியாரிஸ்' என்பது லத்தீனில் கண்ணிமை மயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கதிரிலிருந்து ஒரு விதையை உதிர்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: விதையைச் சுற்றி மெல்லிய முட்கள், உள்முட்களின் அடிப்பகுதியில் இமைமயிர் போல வரிசையாகப் பூமயிர். விதைக்கும்போது காற்றில் பறக்காமலிருக்க ஈரமண்ணில் பிசைந்து தூவுவது இதனால்தான்.

'பஃபெல்' ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எருமை. அதைப் பார்த்து 'எருமைப்புல்' என்று மொழிபெயர்ப்பது தவறு. வட அமெரிக்கப் புல்வெளியில் 'பஃபலோ கிராஸ்' என்று வேறொரு புல் இருக்கிறது, இரண்டும் குழம்பிப்போகும். 'அஞ்சன் புல்' என்று எழுதவும் நமக்குத் தேவையில்லை.

ஏனென்றால் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் வாயில் இதற்கு நல்ல பெயர் புழங்கிவருகிறது. காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்குப் போனால் மூன்றையும் சேர்த்தே பார்க்கலாம்: சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்வது இதில்தான். கோடையில் மேலே காய்ந்து சருகாகிவிடும். ஆனால் ஆழமாக இறங்கிய வேரும், உணவைச் சேர்த்து வைத்துப் பருத்திருக்கும் அடித்தண்டும் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் அங்கிருந்தே துளிர்த்துவிடும். கொழுத்த கட்டை என்று அந்த அடித்தண்டைப் பார்த்தே பெயர் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்த உறுதியே வேற்று மண்ணில் தொல்லையாகிறது. தீவனத்துக்கென்று கொண்டுபோன ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் சொனோரன் பாலையிலும் இது காட்டுத்தீயைப் பரப்பும் களை. தீயில் கருகினாலும் கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். அங்குள்ள கள்ளிகளால் அது முடியாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட தீவன ரகமான 'கோ 1', நீலக் கொழுக்கட்டைப்புல் என்ற பெயரிலேயே வழங்குகிறது. அது இதன் நெருங்கிய உறவு. இலையில் நீலச்சாயல் ஓடும். எழுதும்போது 'ப்' ஒற்றோடு ஒரே சொல்லாக எழுதுங்கள்: கொழுக்கட்டைப்புல்.