பிழைத்துக்கொண்ட பிழை

ஆரணிப் பட்டு விற்கும் கடை ஒன்றுக்கு வேலூரிலிருந்து இணையதளம் அமைத்துத் தரும் வாசகர் ஒருவர், நிரலைப் பல அடுக்குகளாகப் பிரிப்பதும் நிரல் சரியான விடை தருகிறதா என்று தானே சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைகள் எழுதுவதும் இத்தனை சிறிய தளத்துக்குத் தேவைதானா என்று கேட்டிருக்கிறார். பணம் வசூலிக்கும் சேவை ஒன்றே ஒன்று இருக்கையில், நாளை பத்து வரக்கூடும் என்றெண்ணி இடையில் எந்தச் சேவைக்கும் பொருந்தும் பொது அடுக்கு ஒன்றைக் கட்டுவது வீண். இரண்டாவது வந்து சேரும்போது எது பொது என்பது தானே தெரியும், அப்போது பிரித்துக்கொள்ளலாம். அன்று பழைய கணக்கு கெடவில்லை என்று காட்டப்போவது சோதனையே என்பதால், அதை மட்டும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனை நல்ல சோதனையா? 5000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் அனுப்பும் கட்டணம் இல்லை என்பது கடையின் விதி என்று கொள்வோம். 4000 கொடுத்தால் கட்டணம் வருகிறது, 6000 கொடுத்தால் வரவில்லை. இரண்டு சோதனைகளும் தேறுகின்றன, சோதனையில் நிரலின் எத்தனை வரிகள் ஓடின என்று அளக்கும் கருவி, எல்லாம் ஓடிவிட்டதாக 100 விழுக்காடு காட்டுகிறது. அந்த எண்ணை மட்டும் நம்புவது, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியாகிவிட்டது, இனி பிரேக்கைப் பார்க்க வேண்டியதில்லை என்று புது வண்டியைக் கிளப்புவதற்கு ஒப்பானது.

டிமில்லோ, லிப்டன், சேவர்டு ஆகிய கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையில் சோதனையையே சோதிக்கும் வழியை விளக்கினர். மியூட்டேஷன் டெஸ்டிங் எனப்படும் இம்முறையில், சரியான நிரலுக்குள் வேண்டுமென்றே ஒரு சிறு பிழையைப் புகுத்திச் சோதனைகளை மறுபடி ஓட்டுவார்கள்; ஒன்றாவது தோற்றால் பிழை கொல்லப்பட்டது, எல்லாம் தேறினால் அது பிழைத்துக்கொண்டது. தவறுவதற்கும் தப்பி வாழ்வதற்கும் 'பிழைத்தல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழுக்கு இம்முறை எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நம் விதியில் 'பெரியது அல்லது சமம்' என்பதைப் 'பெரியது' என்று மட்டும் மாற்றிப் பாருங்கள். 4000க்கும் 6000க்கும் விடை மாறாது. சரியாக 5000 ரூபாய்க்குச் சேலை எடுத்தவரிடம் மட்டும் தளம் கட்டணம் கேட்கும். 5000 என்ற மூன்றாவது சோதனையைச் சேர்த்த கணமே அந்தப் பிழை மடிகிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் திரும்ப ஓட்ட வேண்டியிருப்பதால், அன்றைய கணினிகளுக்கு இது பெருஞ்சுமை. இன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழி நிரல்களுக்கு ஸ்ட்ரைக்கர் என்ற கருவியும் பி.எச்.பி. மொழி நிரல்களுக்கு இன்ஃபெக்‌ஷனும் ஒரு மடிக்கணினியிலேயே இதைச் செய்கின்றன. உடனடிப் பயன் கேட்டு ஆய்வு நிதியை வெட்டுவோர் கட்டுரைக்கும் இன்றைய பயனுக்கும் இடையிலான இந்தக் கால இடைவெளியை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிரல் தரும் விடையையே மாற்றாத சில மாற்றங்களும் பிழைத்து நிற்கும். அவற்றை மனிதக் கண்தான் பிரித்தறிய வேண்டும். ஆகவே முகப்புப் படங்களை விட்டுவிட்டு, தள்ளுபடி, ஜி.எஸ்.டி., அனுப்பும் கட்டணம் ஆகிய மூன்று கணக்குகளிலிருந்து வாசகர் தொடங்கலாம்.